பெயரும் பதக்கமும்: பேராக் தமிழர் படைப்பணிப் பதிவுகளில் விடுபட்டவை

படைவீரர் ஒருவர் எந்நாளில் சேர்ந்தார், எப்பிரிவில் பணியாற்றினார், எங்கெங்கு அனுப்பப்பட்டார், எப்போது விடுவிக்கப்பட்டார், எவ்விருதுகளுக்கு உரியவரானார் என்பவற்றைக் கூறும் அரசு ஆவணமே பணிப்பதிவு. அதில் விருதுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம் வெறுமையாக இருந்தால் அதற்கு இரு பொருள் கொள்ளலாம். அவர் எவ்விருதுக்கும் உரியவர் அல்லர் என்பது ஒன்று. உரியது எழுதப்படாமல் போயிற்று என்பது மற்றொன்று. வெற்றிடத்தைப் பார்த்த அளவில் இவற்றுள் எது உண்மை என்று சொல்ல இயலாது. எனினும் பிற்காலத்தார் பெரும்பாலும் முதற்பொருளையே கொண்டு ஏட்டை மூடிவிடுகின்றனர்.

பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போ நகரைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் படைப்பணி வரலாற்றில் இத்தகைய வெற்றிடங்கள் பல. அவற்றுக்குப் போரும் அரசியலும் காரணங்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைத்துள்ளனர். மொழியியல் காரணம் ஒன்றும் உண்டு என்பதே இவ்வுரையின் கருத்து. தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்தில் ஒரே வடிவில் நிலைபெறவில்லை. ஆகவே பணிப்பதிவில் உள்ள பெயரையும், விருதுப் பட்டியலில் உள்ள பெயரையும், வீட்டில் வாழ்ந்த மனிதரையும் ஒருவரென நிறுவும் பாலம் அமையவில்லை. அப்பாலத்தை அமைக்கும் பணி தமிழ் கற்றோருக்கும் உரியது.

விருது எவ்வாறு விடுபடுகிறது

உலக அளவில் நோக்கினால் விருதுகள் விடுபடுவதற்கு மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவது, ஆவணமே அழிந்துபோதல். 1940 செப்டம்பரில் இலண்டன் ஆவணக் கிடங்கு ஒன்றின்மீது குண்டு விழுந்ததில், முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படைவீரர்களின் பதிவுகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பணியாளர் ஆவண நடுவத்தில் தீப்பற்றியது. 16 மில்லியன் முதல் 18 மில்லியன் வரையிலான கோப்புகள் எரிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் பதிவுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அத்தீயில் மறைந்தது.

இரண்டாவது, உரிமை இருந்தும் கேட்காமல் விடுதல். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், விடுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் தரைப்படை வீரர்களுக்குப் போர்ப்பணிப் பதக்கங்கள் தாமாக வந்து சேரவில்லை. அவர்கள் விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. பலர் விண்ணப்பிக்கவே இல்லை. வீரர் இறந்த பின்னரும் அவருடைய சட்டப்படியான உரிமையாளர் அவற்றைக் கேட்டுப் பெறலாம் என்னும் நடைமுறை அங்கு இன்றும் உள்ளது.

மூன்றாவது, தகுதி இருந்தும் கருதப்படாமல் போதல். அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஆசிய வழியினர் 22 பேருக்கு, இரண்டாம் உலகப்போர்க் காலச் செயல்களுக்காக, அந்நாட்டின் மிக உயர்ந்த வீரவிருது 2000ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஜப்பானிய வழியினர். ஆஸ்திரேலியக் கடற்படை வீரர் டெடி ஷீன் 1942 டிசம்பர் 1 அன்று, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் பீரங்கியை விட்டு நீங்காமல் உயிர்நீத்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை விருது 2020இல் அளிக்கப்பட்டது. 78 ஆண்டுகள் கழித்தும் ஒரு பதிவு திருத்தம் பெறக்கூடும் என்பதற்கு இது சான்று.

திருத்தமும் ஏற்பும்

படைப்பணிப் பதிவுகளைத் திருத்துவதற்கென அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் குழுக்கள் ஏற்பட்டன. பிழையைத் திருத்துவது, அநீதியைக் களைவது என இரு நோக்கங்களை அச்சட்டம் வேறு வேறாகவே குறிப்பிடுகிறது. இவ்வேறுபாடு நமக்கும் பயன்படும்.

ஓர் அரசு வழங்கிய விருதை அதே அரசின் ஏட்டில் எழுத மறந்தால், அதனை எழுதுவது திருத்தம். ஓர் அரசு வழங்கியதை இன்னோர் அரசு மதிக்க உடன்படுவது ஏற்பு. திருத்தத்துக்கு ஆவணச் சான்று போதும். ஏற்புக்கு அரசியல் முடிவும் வேண்டும். நம் நாட்டு அரசு காமன்வெல்த் நாடுகளின் முன்னாள் வீரர்களுக்கு அளித்த 'பிங்காட் ஜாசா மலேசியா' பதக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் முன்னாள் வீரர்கள் அதனைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் முறைப்படி அணிதல் கூடாது என்று 2006இல் இலண்டன் அறிவித்தது. பின்னரே அத்தடை தளர்த்தப்பட்டது. பதக்கமும் உண்மை, வீரரும் உண்மை. இருந்தும் அதை மார்பில் அணிவதற்கு இரண்டாம் அரசின் இசைவு தேவைப்பட்டது.

பேராக் தமிழர்களின் நிலையில் இவ்விரு சிக்கல்களும் ஒருங்கே காணப்படுகின்றன. இருபதாண்டுக்கும் குறைந்த காலத்தில் இம்மண்ணில் ஆட்சி பலமுறை மாறியது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரை எதிர்த்து நின்றன. பின்னர் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானிய ஆட்சி நடந்தது. அதன்பின் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம், 1946இல் மலாயன் யூனியன், 1948இல் கூட்டரசு, 1957இல் விடுதலை எனக் காலம் ஓடியது. ஒரே தோட்டத்து இளைஞர்கள் வெவ்வேறு கொடிகளின்கீழ் பணியாற்றியிருக்கக் கூடும். ஒரு கொடியின்கீழ் பெற்ற சிறப்பு, அடுத்த கொடியின் ஏட்டில் இடம்பெறுவதில்லை.

தோட்டத்திலிருந்து படைக்கு

நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து போர்க்கைதிகளானவர்களே இந்திய தேசிய இராணுவத்தின் முதன்மையான உறுப்பினர்களாக இருந்தனர். போஸின் வருகைக்குப் பின்னர் மலாயாவின் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவர்களுள் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர்.

போர் முடிந்ததும் இவ்விரு பிரிவினரின் பதிவுகளும் வெவ்வேறு வழியில் சென்றன. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தவர்கள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தப்பட்டனர். கறுப்பு என முத்திரை பெற்றவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டு, நிலுவை ஊதியத்தையும் இழந்தனர். ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் வழக்குத் தொடங்கியது. தண்டனை அறிவிக்கப்பட்டும், மக்கள் எழுச்சியின் காரணமாக அவர்கள் விடுவிக்கப்பட்டனர். இவர்களுக்கு ஏதோ ஒரு பதிவேனும் எஞ்சியது; தண்டிப்பதற்காகவேனும் அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டன.

தோட்டத் தொழிலாளியோ எந்த அரசின் படையிலிருந்தும் விலகி வந்தவர் அல்லர். ஆகவே அவரை விசாரிப்பதற்குரிய படைச்சட்டமும் இல்லை. அவருக்கெனப் பழைய பணிப்பதிவும் இல்லை. படை கலைந்தது, அவர் தோட்டத்துக்குத் திரும்பினார், மறுநாள் காலைப் பெரட்டுக்கு நின்றார். சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு 'ஷேர்-ஏ-ஹிந்த்', 'வீர்-ஏ-ஹிந்த்', 'ஷஹீத்-ஏ-பாரத்' முதலிய விருதுகளைக் கொண்டிருந்தது. ஆனால் அவற்றைக் குறித்துவைக்க வேண்டிய அரசு 1945 ஆகஸ்டுக்குப் பின் இல்லை. சிங்கப்பூர்க் கடற்கரையில் அவ்வாண்டு ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தையும் திரும்பிவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். அவ்விடத்தில் நினைவுப்பலகை ஒன்று அமைய 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பெயரின் முப்பத்திரண்டு வடிவங்கள்

தோட்டத் தொழிலாளியின் பெயரை முதன்முதலில் ரோமன் எழுத்தில் எழுதியவர் பெரும்பாலும் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் அவர் காதில் விழுந்தவாறு எழுதினார். படையில் சேர்ந்தபோது அதே பெயர் வேறொருவர் காதில் வேறுவிதமாக விழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. தமிழ் அறியாத ஒருவர் தமிழ்ப் பெயரை எழுதநேர்ந்தால் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாயின. குறிலும் நெடிலும் ஒன்றாயின.

முனியாண்டி மகன் ஆறுமுகம் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறுமுகம் என்னும் பெயரின் ககரத்தை ஆங்கில நெடுங்கணக்கின் 7ஆம் எழுத்தாலும் எழுதலாம், 11ஆம் எழுத்தாலும் எழுதலாம். றகரத்தின்மேல் ஏறிய உகரத்தைச் சிலர் எழுதுவர், சிலர் விட்டுவிடுவர். இவ்விரண்டு வேறுபாடுகளே 4 வடிவங்களைத் தருகின்றன. முனியாண்டி என்பதில் இடையிலுள்ள யகரம் எழுதப்படலாம், விடப்படலாம். இறுதி இகரம் 9ஆம் எழுத்தாலோ 25ஆம் எழுத்தாலோ குறிக்கப்படலாம். இங்கும் 4 வடிவங்கள். இரண்டையும் சேர்த்தால் 16. தந்தை பெயரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்னும் வேறுபாட்டையும் கணக்கிட்டால் 32. இத்தனைக்கும் மிக எளிய ஐந்து வேறுபாடுகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

இறுதியாகச் சொன்ன வேறுபாடே மிகுந்த குழப்பம் விளைவிப்பது. தமிழ்ப் பெயர் மரபில் குடும்பப் பெயர் என ஒன்று கட்டாயம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். ஐரோப்பியப் பட்டியல்களோ குடும்பப் பெயரை முதலில் வைத்து அகரவரிசைப்படுத்துவன. ஆகவே பட்டியலிட்டவர் தந்தை பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டால், ஆறுமுகம் முனியாண்டியின்கீழ் மறைந்துபோவார். பேரன் தன் தாத்தாவை 'ஆ' வரிசையில் தேடுவான். அவரோ 'மு' வரிசையில் இருப்பார். இல்லை என்ற மறுமொழி வரும். அவர் இல்லை என்பது அதன் பொருளன்று. அவ்வெழுத்தின்கீழ் இல்லை என்பதே பொருள்.

இதனோடு காலமுறையும் பிறழ்ந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அப்போதுதான் பன்னிரண்டு வயதைக் கடந்தோர் யாவருக்கும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அதில் எழுதப்பட்ட எழுத்துக்கூட்டலே பின்னர்ச் சட்டப்படியான பெயராயிற்று. 1943இல் படையில் சேர்ந்தவரின் அதிகாரப் பெயர் 1948க்குப் பின்னரே உறுதிப்பட்டது என்றால், பணிப்பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்தாமை வியப்புக்குரியதன்று. பொருந்தியிருந்தால்தான் வியப்பு.

அவசரகாலத்தில் பணியாற்றிய படையினர், காவலர் ஆகியோருக்குரிய பொதுச்சேவைப் பதக்கம் 'மலாயா' என்னும் பட்டையுடன் வழங்கப்பட்டது. அதன் விளிம்பில் பெறுநரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்படுவது வழக்கம். வீட்டுப் பேழையில் அத்தகைய பதக்கம் இருந்தால் முதலில் விளிம்பையே படிக்க வேண்டும். அங்குள்ள எழுத்துக்கூட்டலே ஆவணத்தைத் திறக்கும் சாவி. பெயரைவிட எண் இன்னும் நம்பத்தக்கது. எண்ணுக்கு எழுத்துப்பிழை வாய்ப்பு குறைவு.

பெயர் மாறிய பெண்கள்

ஜான்சி ராணிப் படைப்பிரிவில் சேர்ந்த பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அப்பிரிவின் தலைவி அப்போது லட்சுமி சுவாமிநாதன். 1998இல் பத்ம விபூஷண் விருது பெற்றபோது அவர் லட்சுமி சேகல். அப்பிரிவில் உயர்பொறுப்பு வகித்த கோலாலம்பூர் இளம்பெண் அப்போது ஜானகி தேவர்; 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றபோது அவர் ஜானகி ஆதி நாகப்பன். ஈப்போவில் 1927இல் பிறந்து, பதின்மவயதிலேயே படையில் சேர்ந்து பர்மா சென்றவர் அப்போது இராசம்மா நவரத்தினம். பின்னாளில் கல்விப்பணியாலும் பெண்ணுரிமைப் பணியாலும் நாடறிந்தபோது அவர் இராசம்மா பூபாலன்.

இம்மூவரும் படித்தவர்கள், பேசவும் எழுதவும் வல்லவர்கள். தம் இரு பெயர்களையும் தாமே இணைத்துக் காட்டினர். தோட்டத்து லயத்திலிருந்து சென்று, திரும்பிவந்து, மணமுடித்து வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்த பெண்ணுக்கு அவ்விணைப்பைச் செய்து தருவார் எவரும் இல்லை. அவளுடைய படைப்பணி, அவள் மணமானபோது விட்டுச்சென்ற பெயரோடு நின்றுவிட்டது.

பதிவு முறையாக அமைந்தால் என்ன நேரும் என்பதற்கும் ஈப்போ வட்டாரமே சான்று தருகிறது. பாப்பானில் மருத்துவ உதவி செய்து, எதிர்ப்புப் படையினரைக் காத்து, 1943இல் கைதாகி ஜப்பானியரின் கொடுமைகளுக்கு உள்ளான சிபில் கார்த்திகேசு அம்மையாருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் 1948 ஜூன் 12 அன்று பிரிட்டனில் மறைந்தார். பின்னர் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் கணவர்வழி வந்த பெயரின் ரோமன் வடிவத்தில், நாம் 'கார்த்திகேசு' என்று சொல்லும்போது ஒலிக்கும் ரகரமெய் இல்லை. ஆயினும் பதக்கம், நூல், கல்லறை, நினைவு யாவும் அந்த ஒரே எழுத்துக்கூட்டலில் நிலைபெற்றமையால் அடையாளம் குலையவில்லை. எழுத்துக்கூட்டல் சரியாக இருப்பதைவிட, மாறாமல் இருப்பதே பதிவுக்கு இன்றியமையாதது.

எவ்வளவு சான்று வேண்டும்

விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 1980இல் அதனை விரிவாக்கியது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதற்குரியவர்களாயினர். அரசு ஆவணம் கிடைக்காதபோது உடன் சிறையிருந்தவரின் சான்றிதழை ஏற்கவும் அதில் வழி செய்யப்பட்டது. குர்தியால் சிங் வழக்கில் 2001இல் இந்திய உச்ச நீதிமன்றம், இத்தகைய விண்ணப்பங்களுக்குக் குற்றவழக்கில் வேண்டப்படும் அளவுக்கு ஐயமற்ற மெய்ப்பிப்பு தேவையில்லை என்றும், சிறப்பிக்கும் நோக்குடைய திட்டத்தை நுணுக்கக் காரணங்களால் முடக்கலாகாது என்றும் கருத்துரைத்தது. 2019 ஜனவரி 26 அன்று தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் முதன்முறையாக இந்திய தேசிய இராணுவத்தின் முன்னாள் வீரர் நால்வர் பங்கேற்றனர். நால்வரும் தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள்.

சான்றின் அளவில் தளர்வு வேண்டும் என்பதால் சான்றே வேண்டாம் என்பதாகாது. இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. போர்ப்பணிப் பதக்கம் வேறு, வீரச்செயல் விருது வேறு. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றிய யாவருக்கும் உரியது முன்னது. தனிச்செயல் ஒன்றுக்காக ஒருவருக்கு அளிக்கப்படுவது பின்னது. குடும்ப நினைவில் முன்னது பின்னதாக உயர்ந்துவிடுவது இயல்பு. பெறாத விருதை அன்பின் மிகுதியால் எழுதிச் சேர்த்தால், பெற்றவர்களின் பதிவும் ஐயத்துக்கு உள்ளாகும். உரியதை விடுவது ஒரு பிழை; உரியதல்லாததைச் சேர்ப்பது மற்றொரு பிழை.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் இதற்கு நல்ல முறையைக் காட்டிச் சென்றுள்ளனர். பாடவேறுபாடுகளை அவர்கள் அழிக்கவில்லை. பொருத்தமான பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் காத்தனர். பெயர்ப் பதிவிலும் அதுவே முறை. பழைய எழுத்துக்கூட்டலை அடித்துவிட்டுப் புதியதை எழுதுதல் கூடாது. இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன எனக் காரணத்தோடு இணைத்து எழுத வேண்டும். பழைய வடிவத்தை அழித்தால் அவ்வடிவத்தின்கீழ் உள்ள பிற ஆவணங்களுக்குச் செல்லும் வழியும் அடைபடும்.

மாணவர் செய்யத்தக்கவை

பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைம்மாறியும் போன பின்னர் லயங்கள் பல மறைந்தன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சிய ஆவணங்கள் இப்போது வீட்டு அலமாரிகளிலேயே உள்ளன. பள்ளி அளவிலேயே தொடங்கக்கூடிய பணிகள் சில உண்டு.

முதலில், பெரியவரின் பெயரை வீட்டில் அழைத்தவாறு தமிழில் எழுதுக. தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றையும் தமிழிலேயே குறிக்க வேண்டும். அடுத்து, பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பதக்க விளிம்பு, கடிதம் என ஒவ்வோர் ஆவணத்திலும் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை ஆண்டு வரிசையில் பட்டியலிடுக. அதன்பின், அவ்வேறுபாடுகள் எந்த ஒலிமாற்றத்தால் நேர்ந்தன என்பதை ஒரு பக்கத்தில் விளக்குக. ழகரம் லகரமானதும், தந்தை பெயர் முன்வந்ததும் இயல்பான மாற்றங்கள் என்று தமிழாசிரியர் ஒருவர் எழுதித் தரும் விளக்கத்தைக் குடும்பத்தார் தம் சத்தியப் பிரமாணத்தோடு இணைக்கலாம். இறுதியாக, எந்த அரசின் எந்த விருது என்பதைத் தெளிந்து, அது திருத்தமா ஏற்பா என முடிவுசெய்து, உரிய அலுவலகத்துக்குச் சட்டப்படியான உரிமையாளர் வழியாக எழுத வேண்டும்.

வீழ்ந்த வீரனுக்குக் கல்நடும் மரபைத் தொல்காப்பியம் படிமுறையாகக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது அதன் முதற்படி, வாழ்த்துவது கடைசிப்படி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், சொல் சிலவே ஆயினும், இறந்தவனின் பெயரை எழுதிவைத்த தொன்மையைக் காட்டுகின்றன. நாமோ மேடைகளில் வாழ்த்தை முதலில் சொல்லிவிட்டுத் தேடுவதை மறந்துவிடுகிறோம். பேராக் தோட்டங்களிலிருந்து சென்றவர்களை நேரில் அறிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ ஒரு பெயரையேனும் இம்முறையில் எழுதி முடித்தால், வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் எவை நிரப்பத்தக்கவை என்று அறியத் தொடங்குவோம்.